சமையல்காரன் பாவம்

உத்திரமேரூர் ஸ்டேஷனில் அடைபட்ட மூன்று நாளும் பாண்டுரங்கன் ஒரே பாட்டைத்தான் பாடினான். "வாத்தியார் வூட்டு டிரங்குப் பொட்டிய நான் கண்ணாலகூடப் பாக்கல ஏட்டய்யா!"

ஐசக் ஏட்டு அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. தினமும் மத்தியானம், கான்ஸ்டபிள் கோபாலுக்கு ஒரு துப்பறியும் கதையைச் சத்தமாகப் படித்துக் காட்டினார். ஜமீன் பங்களாவில் நடந்த கொலை. கம்பிக்குப் பின்னால் பாண்டுரங்கனும் சோற்றை மறந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள், கதையில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்த கட்டத்தில் ஏட்டு நிறுத்திவிட்டார்.

"இன்னா ஏட்டய்யா, நிறுத்திட்டீங்க?" கோபால் பதறினான்.

"மீதிக் கதை இல்லியேப்பா. கொலகாரன் யாரா இருக்கும்?"

"சமையல்காரன்தான். அவன் முழியே சரியில்ல."

"எனக்கும் அவன் மேலதான் சந்தேகம்."

பாண்டுரங்கனுக்குப் பொறுக்கவில்லை. கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

"அட, சமையல்காரன் பாவம்யா! டாக்டருதான் கொன்னான். மருந்து சீசாவுல வெஷத்த கலந்ததே அவன்தான்!"

"எங்கடா படிச்ச?"

"கடைசிப் பாகம் மட்டுந்தான் கெடைச்சுது. முன்கதை தெரியாம ஒரே பேஜாரு. இப்பத்தான் வெளங்குச்சு," என்று பூரித்துப்போனான்.

ஏட்டு கையிலிருந்த நோட்டை மூடினார்.

"இது கடையில விக்கிற புஸ்தகம் இல்லடா. வாத்தியார் தன் கையால எழுதுன கதை. கடைசி நோட்டு அந்தப் பொட்டிக்குள்ள இருந்துது. பொட்டி எங்க?"

பாண்டுரங்கன் தலையைத் தொங்கப்போட்டான்.

"ஏரிக்கரைப் பொதர்ல கீது... வாத்தியார் அடுத்த கதைய எப்ப எழுதுவாரு ஏட்டய்யா?"