இரண்டு பேர் சம்மதம்

எங்கள் வீட்டில் சுவரின் நிறத்தை மாற்றக் கணவன், மனைவி இருவரும் சம்மதிக்க வேண்டும். இலக்கியா இறந்து எட்டு மாதமாகிறது. வீடு இன்னும் அவளையும் கேட்கிறது. அவள் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்ட கணினி வீடு இது; அவள் குரலிலேயே பதிலும் சொல்லிக்கொள்கிறது.

அவள் தேர்ந்தெடுத்த கிளிப்பச்சையை இனி என்னால் பார்க்க முடியாது. சாம்பல் நிறம் கேட்டேன்.

“கூடத்துல சிமெண்டு மூட்டை அடுக்குன மாதிரி இருக்கும்.”

வெள்ளை கேட்டேன்.

“ஏங்க, இது வீடா ஆஸ்பத்திரியா?”

பதினோராவது நிறத்தில் கத்திவிட்டேன். “ஏதாவது ஒண்ணுக்குச் சரின்னு சொல்லித் தொலையேன்!”

“உங்க இஷ்டம்.”

“சம்மதம் பதிவானது” என்றது வீடு, தன் சொந்தக் குரலில். பச்சை வெளுக்கத் தொடங்கியது.

நான்கு வருடம் அவளோடு குடித்தனம் நடத்தியவன் நான். அந்த இரண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

“நிறுத்து” என்றேன். “பச்சையே இருந்து தொலையட்டும்.”