அடிக்கிற வேஷம்

‘டமால்’ என்று நாற்காலி கவிழ்ந்தது. நர்ஸம்மா தடுமாறிச் சுவரில் சாய்ந்தார். எழுபது வயது ரிட்டயர்டு ஃபோர்மேன் ஒரே பாய்ச்சலில் நெருங்கி, அவர் கையைப் பிடித்து முதுகுப் பக்கமாக முறுக்கினார்.

“கத்தினே, இன்னும் ரெண்டு விழும். தட்டைத் தட்டி விட்டியே, இதை யாரு துடைக்கிறது? உங்கப்பன் வருவானா?”

குரலை அவர் உயர்த்தவே இல்லை. காதோரமாய்க் கிசுகிசுத்தார். இன்னொரு கையில் முறுக்கிய ஈரத்துண்டு. ‘சுளீர், சுளீர்’ என்று அது வீசப்பட்டபோது வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

“நிறுத்துங்க! போதும், நிறுத்துங்க!” டீச்சர் பலமாகக் கைதட்டினாள்.

ஃபோர்மேன் சட்டென்று கையை விட்டார். “அம்மாவுக்கு வலிச்சிருச்சா? துண்டு சுவத்துலதான் பட்டுச்சு, சத்தியமா!”

“துண்டு படலை. உங்க பார்வையிலயே எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு,” என்றார் நர்ஸம்மா, தோளைத் தேய்த்தபடி.

“ஆயுசு பூரா ஆஸ்பத்திரியிலேயே கிடந்தது போதாதுன்னு, திரும்ப அங்க அனுப்பப் பாக்குறாரு,” என்றார் பழைய கண்டக்டர். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

முதியோர் கல்வி மையத்தின் நாடகப் பயிற்சி அது. வயதானவர்களுக்கு வீட்டுக்குள்ளே நடக்கிற கொடுமைகளை அவர்களே நடித்துப் பார்த்து, அவர்களே பேசுவதற்காக ஆரம்பித்தது. இன்றைய காட்சி, தாயை அடிக்கும் மகன்.

வகுப்பு தொடங்கிய நாளிலிருந்தே ஃபோர்மேனுக்கு அடிக்கிற வேஷம்தான் வேண்டும். காட்சி முடிந்ததும் வேஷத்தை மாற்றிப்போட்டு, அடித்தவர் அடி வாங்க வேண்டும் என்பது டீச்சர் வைத்திருந்த முறை. அந்தக் கட்டம் வந்தால் மட்டும் அவருக்கு மூட்டு வலி வந்துவிடும்.

டீச்சர் அவரைத் தனியே அழைத்தாள். “துண்டு எதுக்கு? நான் பிரம்புதானே கொடுத்தேன்?”

“பிரம்புல அடிச்சா தடம் விழும் டீச்சர். ஈரத்துண்டுன்னா வெளிய தெரியாது.”

“இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?”

“வேற எங்க? வீட்டுலதான்,” என்று சிரித்தார் அவர்.

அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு அவருடைய மகள் உள்ளே வந்தாள். வாரா வாரம் அழைத்துப் போக வருபவள். நாற்பது வயதிருக்கும். வலதுகை விரல்களைச் சேர்த்து பேண்டேஜ் போட்டிருந்தாள்.

“அப்பா ரொம்பப் படுத்துறாரா டீச்சர்?”

“கையில என்ன?”

“கதவுல இடிச்சுக்கிட்டேன்.”

டீச்சர் ஃபோர்மேனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பெண்ணை இன்றைக்கு இந்த மனிதரோடு ஒரே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. டீச்சர் தீர்மானித்துவிட்டாள். மகளை ஜன்னல் பக்கம் இழுத்துப் போய் மெல்லக் கேட்டாள்.

“பயப்படாம சொல்லுங்க. வீட்டுல அடிதடி உண்டா?”

மகளின் கண் கலங்கியது. “வெளிய சொல்லாதீங்க டீச்சர். அம்மா போனதுலேருந்து நாங்க ரெண்டு பேர்தான். வயசானவங்களோட இருக்கிறது லேசு இல்ல. எப்படியோ பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுறேன்.”

அது போதும் டீச்சருக்கு. போலீஸுக்கு அப்புறம் போகலாம். முதலில் இந்த ஆளுக்கு, அடி வாங்குவது என்றால் என்ன என்று காட்ட வேண்டும். அதுவும் இத்தனை பேர் முன்னால், இந்தப் பெண்ணின் கையாலேயே.

“இன்னைக்கு யாருக்கும் மூட்டு வலி கிடையாது,” என்று சத்தமாகச் சொன்னாள். “வேஷத்தை மாத்துறோம். ஃபோர்மேன் சார்தான் அடி வாங்கப்போறார். அடிக்கிறது அவர் பொண்ணு.”

“ஐயோ, எனக்கு நடிப்பெல்லாம் வராது டீச்சர்.” மகள் பின்வாங்கினாள்.

“அப்பனுக்கு வந்தது பொண்ணுக்கு வராமலா போகும்? சும்மா வாம்மா!” என்றார் கண்டக்டர்.

“டீச்சர், இது மட்டும் வேணாம்,” என்றார் ஃபோர்மேன். குரல் உள்ளே போயிருந்தது. “வேற எது சொன்னாலும் செய்றேன்.”

“அடிக்கிறப்ப நல்லா இருந்துச்சுல்ல? வாங்கியும் பாருங்க.” டீச்சர் அவரை நடுவில் நிறுத்தினாள். ஈரத்துண்டை மகளின் இடதுகையில் திணித்தாள். “படாம ஓங்குங்க, போதும். மனசுல இருக்கிறதை எல்லாம் நினைச்சுக்கிட்டு ஓங்குங்க.”

மகள் வெட்கத்தோடு எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். பிறகு துண்டை ஓங்கினாள்.

யாரும் சொல்லித் தராமலே ஃபோர்மேன் கண்ணாடியைக் கழற்றி, நாற்காலிக்கு அடியில் பத்திரமாகத் தள்ளி வைத்தார். பல்செட்டை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டார். மூட்டு வலிக்காரர் சட்டென்று மண்டியிட்டு, தலையை முழங்காலுக்குள் புதைத்து, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டார்.

யாரோ சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார்கள். மகளின் கை அந்தரத்திலேயே நின்றது. அவள் முகத்தில் இப்போது வெட்கம் இல்லை.

“எழுந்திருப்பா,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு, கிசுகிசுப்பாக.

ஃபோர்மேன் எழுந்திருக்கவில்லை. தலையைத் தூக்காமலே, பொக்கை வாய் குழறச் சொன்னார்:

“முதல்ல கதவைச் சாத்திடு பாப்பா, எல்லாரும் பாக்குறாங்க.”