பழனியாண்டிக்கு ஒரு முட்டை

பூரணி முட்டையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயத்தில் தன் வரிசைவீட்டு வாசலைத் தாண்டினாள். மறைக்கிறவள் பின்பக்கமாகப் போயிருக்கலாம். வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த புருஷனின் மூக்குக்கு முன்னாலேயே போனாள். நல்லமுத்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டில் இருப்பது ஒரே ஒரு கோழி. அது இடுகிற முட்டை ஏழு மாதக் கர்ப்பிணியான அவள் வயிற்றுக்கும் போகவில்லை, தாலி கட்டினவன் தட்டுக்கும் வரவில்லை. பக்கத்து லயத்துப் பழனியாண்டிக்குப் போகிறது. கேட்டால், பாவம் ஒண்டிக்கட்டை, உடம்பை வளர்க்கிறார், முட்டை வேணுமாம் என்கிறாள். அவனை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறாள். வாய் கூப்பிடுகிறது, மனசு என்ன சொல்கிறதென்று யார் கண்டது?

பழனியாண்டி கொட்டகலைப் பக்கமிருந்து அந்த வருஷந்தான் தோட்டத்துக்கு வந்தவன். லயத்துக்குப் பின்னால் ஒரு தேகப்பயிற்சிக் கூடமே வைத்திருந்தான். கூடமென்றால் கூரை கிடையாது. பழைய அலவாங்குக் கடப்பாரையின் இரண்டு முனையிலும் சிமெந்து ஊற்றிய தகரங்கள், மண் அடைத்த சாக்கு ஒன்று, அவ்வளவுதான் சொத்து. ஆனால் சட்டையைக் கழற்றிவிட்டு அந்த அலவாங்கை அவன் தலைக்கு மேல் தூக்கினால், பீலியில் தண்ணீர் பிடிக்க வந்த பெண்களின் குடங்கள் நிரம்பி வழிந்துகொண்டே இருக்கும்.

தேகப்பயிற்சி என்றாலே முன்பெல்லாம் நல்லமுத்துவுக்குச் சிரிப்பு. கூப்பன் அரிசிக் கஞ்சி குடிக்கிறவனுக்குத் தண்டால் ஒரு கேடா என்பான். போன வருஷம் முதல் பிள்ளை தங்காமல் போனபிறகு, உடம்பைக் கொஞ்சம் தேற்றிக்கொள்ளுங்கள் என்று பூரணி ஒருநாள் சொன்னதற்கும் சிரித்துத்தான் வைத்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஆளில்லாத நேரம் பார்த்து மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் போய் ஒரு பாறாங்கல்லைக் கட்டிப்பிடித்தான். கல் அசையவில்லை, இடுப்புப் பிடித்துக்கொண்டது. பூரணி எண்ணெய் காய்ச்சித் தடவிவிட்டாள். தடவினவள் சும்மா இருக்கக்கூடாதா? "ஒங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? இதுக்குப் பழனியாண்டி அண்ணே மாதிரி ஆளு வேணும்" என்றாள். அந்த நிமிஷமே இடுப்பு வலி மறந்துபோயிற்று.

மறுநாள் வேலை விட்டதும் நேரே பழனியாண்டியிடம் போய் நின்று, எனக்கும் கற்றுக்கொடு என்றான். இவனிடமே கற்று, இவனையே ஒருநாள் ஊர் பார்க்கக் குப்புறத் தள்ளவேண்டும் என்பது உள்ளே ஓடிய எண்ணம்.

பழனியாண்டி அதைக் கண்டானா? ஆசையாகச் சொல்லிக்கொடுத்தான். இடுப்பால் தூக்கக்கூடாது, காலால் தூக்கவேண்டும் என்றான். மூச்சை அடக்கக்கூடாது என்றான். தண்டால், பஸ்கி எல்லாம் பழகியபிறகு, ஒரு மூங்கிலில் மண்சாக்கைத் தொங்கவிட்டு, முன்னால் தன் தோள், பின்னால் நல்லமுத்துவின் தோள் என்று வைத்து ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்க வைத்தான். தோள் உரம்பெற இதைப்போல ஒன்று கிடையாதாம். நல்லமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் போகிற முதுகையே பார்த்து நடந்தான். அந்த முதுகில் தன் வீட்டு முட்டையெல்லாம் திரண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்தது.

தோள் இறுகியது. வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். அப்போதுதான் உள்ளே பூரணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஓடிவந்து பார்த்த மருத்துவச்சி, இது என் கைக்கு ஆகாது, டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றாள்.

அந்த மேட்டு லயத்துக்கு லொறி வராது. மூங்கிலில் கம்பளியைத் தொட்டிலாகக் கட்டி, இரண்டு பேர் தோள்கொடுத்துப் பெரிய ரோட்டுக்கு இறக்குவதுதான் வழக்கம். போன வருஷமும் அப்படித்தான் இறக்கினார்கள். நல்லமுத்து தோள் தாங்காமல் வளைவுக்கு வளைவு அவளைக் கீழே வைத்து வைத்துத் தூக்கினான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு உயிரில்லை.

கூப்பிடும் முன்பே பழனியாண்டி மூங்கிலும் கம்பளியுமாக வந்து நின்றான். நல்லமுத்து வாசலை மறித்தான்.

"என் பொஞ்சாதிய நீ தூக்க வேணாம்."

உள்ளேயிருந்து பூரணியின் குரல் வலியோடு வந்தது. "முன்னுக்கு அண்ணே புடிக்கட்டும். பின்னுக்கு நீங்க புடிங்க. இந்தப் புள்ளையாவது எனக்கு வேணுங்க."

அதற்குமேல் மறிக்க அவன் என்ன கல்லா? இரண்டு பேரும் தோள்கொடுத்தார்கள். ஏறி இறங்கிப் பழகிய கால்கள் ஒரே சீராக இறங்கின. ஒரு வளைவில்கூடக் கம்பளி தரையில் படவில்லை. ரோட்டில் லொறி கிடைத்தது. அன்று பொழுது சாயும் முன்பே பெண் பிள்ளை பிறந்தது. இரண்டு உயிரும் தப்பின.

மறுநாள் வார்டில் கட்டிலருகே நின்ற நல்லமுத்துவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. இவளையா, அந்த நல்ல மனுஷனையா இத்தனை நாள் கறுவினோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

"இதுக்குத்தான் அவனுக்கு முட்டை குடுக்குறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல புள்ள" என்றான்.

பூரணி பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"இருந்தது ஒரு முட்டைங்க. அத அவருக்குக் குடுத்தேன், ஒங்களுக்கு வயித்தெரிச்சலக் குடுத்தேன்."