மடங்காமல் போக ஓர் அட்டை

“பாலிசி கைல இல்லன்னா, தொலைஞ்சி பூடுச்சின்னுதான் எழுதணும் பாய்” என்றார் தாமோதரன்.

உத்திரமேரூர் கடைத்தெருவில் இருந்த அந்த மளிகைக் கடையிலும் வாசலிலுமாக அப்போது மூன்று பேர். கல்லாவில் முதலாளி காஜா மொய்தீன். எதிரே அரிசி மூட்டை மேல், மடியில் நோட்டுடன் தாமோதரன். ஊரில் யாருக்கு மனு எழுதுவதானாலும் அவர்தான். வாசலில் முன்கண்ணாடி இல்லாமல் நின்ற வேனுக்குள், ஸ்டியரிங்கின் பின்னால் டிரைவர் ஆசாத்.

ஐந்து நாளுக்கு முன் புளியங்கிளை முறிந்து வேன் மேல் விழுந்தது. அன்றிலிருந்து காஞ்சிபுரத்துச் சரக்கு வரவில்லை. கடையில் பாதி டின் காலி.

வேனுக்கு எடுத்த இன்சூரன்ஸ் முழு பாலிசி என்றால் ரிப்பேர் பணம் வரும், எதிராளிக்கு மட்டுமான பாலிசி என்றால் சல்லிக் காசு வராது என்று தாமோதரன் விளக்கினார். தன்னுடையது எது என்று காஜா மொய்தீனுக்குத் தெரியவில்லை. ஏஜெண்ட் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டதோடு சரி. அந்த ஏஜெண்டும் இப்போது ஊரில் இல்லை.

“ஹமீதாதான் எங்கியோ வெச்சிகீது. அது பத்திரமா வெச்சா திருடனுக்கும் கெடைக்காது, நமக்கும் கெடைக்காது.”

காஜா மொய்தீனின் மனைவி ஹமீதா, மகளின் பிரசவத்துக்காகத் தாமலில் இருந்தாள். சொல்லியனுப்பியும் பதில் வரவில்லை. பெட்டி, பீரோ, அரிசிப் பானை எல்லாம் துழாவியாயிற்று. இனியும் தாமதித்தால் கம்பெனிக்காரன் சாக்குச் சொல்வான் என்று தாமோதரன் அவசரப்படுத்தினார்.

வேன் நம்பர், கிளை விழுந்த தேதி, பாலிசி தொலைந்த விவரம், நகல் கேட்டு ஒரு வேண்டுகோள். சென்னை ஆபீசுக்கு எழுதி முடித்து, ஸ்டுடியோக்காரர் எடுத்த நான்கு போட்டோக்களையும் சேர்த்தார். போட்டோ மடங்காமல் போக ஓர் அட்டை வேண்டும் என்றார். அதற்கென்று காசு செலவழிக்க மனம் வராத காஜா மொய்தீன், ஆணியில் தொங்கிய போன வருஷத்துக் காலண்டரைக் கழற்றினார். தாளெல்லாம் கிழித்த வெறும் அட்டை; பின்பக்கம் பழுப்புத்தாள் ஒட்டியிருந்தது.

“நல்ல கெட்டி அட்டை. இப்பல்லாம் எவன் இப்படிப் போடறான்?” என்று மெச்சி, கவருக்குள் வைத்து, ஓரமெல்லாம் பசை தடவினார் தாமோதரன். ஆசாத் தபாலாபீசுக்கு ஓடி, மதியத் தபால் பை கட்டுவதற்குள் கவரைச் சேர்த்து, ரிஜிஸ்தர் ரசீதோடு திரும்பினான்.

மூன்றரை மணி பஸ்ஸில் ஹமீதா வந்து இறங்கினாள்.

“இன்னாத்துக்கு இப்படி பேஜாராயிக்கினு கீறீங்க? அது முழு பாலிசிதான். மரம் வுழுந்தாலும் உண்டுன்னு போட்டுகீது. படிச்சிப் பாத்துட்டுதானே வெச்சேன்?”

காஜா மொய்தீனுக்கு உயிர் வந்தது. எங்கே வைத்தாய் என்று கேட்டார்.

“பொட்டில வெச்சா கரையான். பீரோவதான் திருடன் மொதல்ல தெறப்பான். அதான் காலண்டர் அட்டைக்குப் பின்னால வெச்சி, மேல தாளு ஒட்டி...” என்று திரும்பியவள், வெறும் ஆணியைப் பார்த்தாள்.

மாலைத் தபாலில் இரண்டாவது கடிதம் ஒட்டி அனுப்பப்பட்டது: “ஐயா, தொலைந்துவிட்டதாக முன் கடிதத்தில் நான் தெரிவித்த பாலிசியை அதே கவரில் தங்களுக்கு அனுப்பியுள்ளேன், தயவுசெய்து அட்டையைப் பிரித்துப் பார்க்கவும்.”