வா என்றால் என்ன?

மிளகு என்ற நாய்க்குட்டிக்குத் தணிகாசலம் முதலில் 'உட்கார்' சொல்லிக்கொடுத்தார், அப்புறம் 'வா'. சொன்னபடி செய்தால் டீக்கடைப் பொறை பிஸ்கட்டில் ஒரு துண்டு கிடைக்கும். மிளகு இரண்டையும் சட்டென்று பிடித்துக்கொண்டது.

நேற்று கேட் திறந்து கிடந்ததால் தெருவில் ஒரு சுற்றுச் சுற்றியது. தணிகாசலம் "வா" என்று கத்தியதும் நாக்கில் எச்சில் ஊற ஓடி வந்து நின்றது. முதுகில் செருப்படி விழுந்தது.

"நான் என்னக்கா தப்புப் பண்ணினேன்?" என்று காம்பவுண்டுச் சுவரில் படுத்திருந்த பூனையிடம் கேட்டது.

"ஊர் சுத்தினதுக்கு அடிச்சிருப்பார்."

"சுத்தும்போது யாரும் அடிக்கலையே. வந்தப்புறம்தானே அடிச்சார்?"

பூனை பாதத்தை நக்கிக்கொண்டது.

இன்றும் கேட் திறந்திருந்தது. நடுத்தெருவில் நின்ற மிளகின் காதில் "வா" விழுந்தது. நாலடி வந்தது, தயங்கி நின்றுவிட்டது. தணிகாசலம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, உனக்கு அங்கேருந்து தெரியுமே. அவர் கையில என்ன இருக்கு?"

பூனை எட்டிப் பார்த்தது. "ஒரு கையில பொறை. இன்னொரு கையில செருப்பு."

"எதைக் கொடுப்பார்?"

"அவரே இன்னும் யோசிக்கிறார் போல."

மிளகுக்குத் தலை சுற்றியது. இதுவரை அடி விழாத பாடம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அங்கேயே ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.

தணிகாசலம் எதிர்வீட்டுக்காரரிடம் அலுத்துக்கொண்டார்.

"பாருங்க சார், வான்னு கூப்பிட்டா உட்காருது. மண்டையில ஒண்ணுமே ஏற மாட்டேங்குது."