மாப்பிள்ளை பார்த்த லேப்டாப்

"எட்டு ஜிபி ரேம் போதும் அண்ணாச்சி. மிச்சத்துக்கு இங்கன இருக்கு" என்று இசக்கிமணி தன் நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினான்.

தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஏசுவடியான் மரியாதையாகத் தலையாட்டினார்.

கோயம்புத்தூரில் டிசைன் இன்ஜினியராக இருக்கும் இசக்கிமணிக்கு ஆவணியில் கல்யாணம். நகை, பாத்திரத்தோடு, வீடு வரைகிற கேட் சாஃப்ட்வேர் ஓடுகிற மாதிரி ஒரு லேப்டாப்பும் வேண்டும் என்று கடையத்தில் இருக்கும் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லிவிட்டிருந்தார்கள். வாங்கிக்கொடுக்க வருங்கால மாமனார் ஹெட் கான்ஸ்டபிள் பாண்டிராஜும் மகள் ஸ்வாதியும் கூடவே வந்திருந்தார்கள். இந்த வரனாவது தட்டிப்போகக் கூடாது என்று பாண்டிராஜ் காலையிலேயே பண்பொழி மலைக்கோயிலுக்கு ஏறி இறங்கியிருந்தார்.

"தனியா கிராபிக்ஸ் கார்டு இருக்கது பாக்கலாமா, தம்பி? த்ரீ-டி வரைஞ்சா அது இல்லாம இழுக்காது."

"அதெல்லாம் கேம் விளையாடுத பயலுவளுக்கு. எனக்கு மெஷின் மெலிசா இருக்கணும். சைட்டுக்கு ரெண்டு விரல்ல தூக்கிட்டுப் போனா, கொத்தனார் எந்திரிச்சு நிக்கணும்."

"ஏங்க, கோடு போடத்தானே?" என்றாள் ஸ்வாதி மெல்ல. "அதுக்கு ஸ்கேல் போதாதா?"

ஏசுவடியான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பாண்டிராஜ் பலமாக இருமினார். கடைக்காரர் வாயை மூடிக்கொண்டார்.

இசக்கிமணி பெருந்தன்மையாகச் சிரித்தான். "இது கோலம் இல்ல, ஸ்வாதி. உனக்கு இப்ப விளங்காது. கல்யாணத்துக்கு அப்புறம் ஒவ்வொண்ணாச் சொல்லித் தாரேன்."

"சரிங்க."

அவன் எடுத்தது தங்க நிறத்தில் அப்பளம் மாதிரி ஒன்று. ஏசுவடியான் அதில் குற்றாலத்து ரிசார்ட் ஒன்றின் த்ரீ-டி படத்தைத் திறந்தார். பாதிச் சுவர் வந்தது. கூரை வரவில்லை. வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

"உங்க நெட் ஸ்லோ."

"நெட்டே போடலியே, தம்பி."

"அப்போ வரைஞ்சவன் சரியில்ல."

"ஏங்க, இது மினுமினுன்னு இருக்கு, கண்ணு பட்டுரும்" என்றாள் ஸ்வாதி. "அந்த மூலையில கருப்பா, தடியா ஒண்ணு இருக்கே. கருப்புன்னா திருஷ்டி அண்டாது. அத்தைகூட அப்படித்தான் சொல்லுவாங்க."

"அது முப்பதாயிரம் கூட, தம்பி."

விலை கூடுதல் என்றதும் இசக்கிமணிக்குக் கருப்பு பிடித்துப்போனது. "இருக்கட்டும் மாமா. பொம்பளப் பிள்ளை முதமுத ஒரு கலர் கேக்குது, மறுக்கவா முடியும்?"

கருப்பு லேப்டாப்பில் கண்மூடித் திறப்பதற்குள் ரிசார்ட்டுக்குக் கூரை ஏறிவிட்டது.

"பாத்தீங்களா, என் செலக்‌ஷன் தப்பாது" என்ற இசக்கிமணி, அம்மாவுக்கு ஃபோன் போட வெளியே போனான்.

ஏசுவடியான் அதற்காகவே காத்திருந்தவர் போல ஸ்வாதியிடம் குனிந்தார். "மேடம், உங்க கொச்சி கம்பெனியில டீம் ஆளுங்க ஆறு பேருக்கும் போன மாசம் நீங்க எங்கிட்ட ஆர்டர் எழுதிக் கொடுத்த அதே மாடலுக்கே தம்பியக் கொண்டாந்துட்டீங்களே."

பாண்டிராஜ் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். "மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. மக எம்.இ. டிசைன்னு சொன்னதுல மூணு மாப்ள எந்திரிச்சுப் போயாச்சு. இவங்ககிட்ட பிளஸ் டூ, அதுவும் ஃபெயில்னுதான் சொல்லியிருக்கேன்."