நடுவீட்டுக் காற்று

"இந்த வீட்டுக்குப் பிளான் போட்டது யாருக்கா?" என்று கேட்டாள் சிம்ரன்.

கயலுக்குச் சுருக்கென்றது. புது வீடு. பால் காய்ச்சிக் குடி வந்து மாசம்கூட ஆகவில்லை. எந்த ரூமுக்கு எந்த ஏசி, கரண்டைக் குடிக்காத ஃபேன் எது என்று பார்த்துச் சொல்லத்தான் தேனியிலிருந்து இந்த இன்ஜினியர் பெண்ணை வரவழைத்திருந்தாள்.

"எங்க வீட்டுக்காரருதான். ஏன், என்ன குறை?"

"ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவுல ரயில் போற மாதிரி ஒரு வழி விட்டிருக்காரே! மேற்க ஒரு திறப்பு, கிழக்க ஒரு திறப்பு. குமுளி மலையிலருந்து வர்ற காத்து உள்ள நுழைஞ்சு, எந்த ரூமையும் எட்டிக்கூடப் பாக்காம பின்பக்கமா ஓடிருது."

ஓடத்தான் செய்தது. வைகாசி வெயில் உச்சி சாய்ந்ததும் காற்று அந்த வழியில் ஹோவென்று வரும். நடுவில் நின்றால் முந்தானை பறக்கும், கண் தானாகச் சொக்கும், கால் தரையில் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும். அங்கிருந்து பெட்ரூமுக்குள் ஓர் எட்டு வைத்தாலோ, அடுப்படி வெக்கைதான்.

கயலுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கொளுத்துகிற மத்தியானத்தில், குளுகுளுவென்ற ரூமில், போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டும். மதுரையில் அவள் தங்கச்சி அப்படித்தான் தூங்குகிறாளாம். கேள்விப்பட்ட நாளிலிருந்து இவளுக்கு வயிற்றெரிச்சல்.

"அப்ப பெரிய ஏசியாப் போட்டுருவமா?"

"எதுக்குக்கா கரண்டை வீணாக்கணும்? மொட்டமாடிக்கு வெயில் தாங்குற வெள்ளப் பெயின்ட் அடிங்க. கரண்ட் கம்மியா இழுக்குற ஃபேன் ஒண்ணு மாட்டுங்க. அந்தக் கிழக்குத் திறப்பை மட்டும் அடைச்சிருங்க. காத்து உங்க ரூமுக்குள்ள திரும்பி, தெக்கு ஜன்னல் வழியா வெளிய போகும். ஏசியே வேணாம்."

அட என் தங்கமே என்று அவளைக் கட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது கயலுக்கு.

சாயங்காலம் திராட்சை மண்டியிலிருந்து வந்த புருசன் தங்கப்பாண்டியனிடம் சொன்னாள். காபி டம்ளரை டக்கென்று வைத்தான்.

"அதை மட்டும் தொடக் கூடாது."

"ஏன் மாமா? அங்கன என்ன இருக்கு? உங்க அண்ணன் வீட்டுத் தகரக் கூரைதான தெரியுது? தோட்டத்துப் பங்குல சண்டை போட்டு, நல்லது கெட்டதுக்குக்கூடப் பேச்சுவார்த்தை இல்லாமக் கெடக்குறீக. அவுக வீட்டைப் பாத்து நமக்கு எதுக்கு ஒரு வாசல்?"

"பாக்கட்டும்டி. தம்பி எப்படி வாழ்றான்னு, படுத்த எடத்துலருந்தே பாக்கட்டும்."

சீ என்று ஆகிவிட்டது கயலுக்கு. தென்னை மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கிற மனுசனிடமா இந்த வீம்பு? பெத்தவுக போன பிறகு இவனைத் தூக்கி வளர்த்த அண்ணன் அல்லவா! இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரனுக்கா வாக்கப்பட்டோம் என்று ராத்திரி சோறுகூட இறங்கவில்லை.

மறுநாள் அவன் லோடு ஏற்றிக்கொண்டு கோட்டயம் போய்விட்டான்.

கயல் சேலையை இழுத்துச் செருகினாள். அலமாரி செய்து மீந்த பிளைவுட் பலகையைத் தரதரவென்று இழுத்துவந்து கிழக்குத் திறப்பில் நிறுத்தி, அசையாமல் இருக்கக் குழவிக்கல்லை அண்டக் கொடுத்தாள்.

நமக்கும் தூக்கம். பாவம், அந்த மனுசன் கண்ணில் நம்ம பவுசு படாமலும் இருக்கும். ஒரு பலகையில் ரெண்டு புண்ணியம் என்று நினைத்துக்கொண்டபோது அவளுக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்தது.

மத்தியானம் காற்று வந்தது. பலகையில் முட்டியது, தயங்கியது, பிறகு புது மருமகள்போல மெதுவாக ரூமுக்குள் வந்தது. ஜன்னல் திரை எழுந்து எழுந்து அமர்ந்தது. கயலுக்குக் கை கால் சில்லிட்டது. போர்வையை எடுத்தாள்! கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்!

தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஓர் இடத்தில் மிதந்தாள். கட்டில் மெல்லக் கிளம்பி ஜன்னல் வழியாகப் போனது. கீழே திராட்சைப் பந்தல்கள் பச்சைப் பாயாக விரிந்து கிடந்தன. மேகம் கன்னத்தில் ஈரமாக ஒட்டியது. அடடா, இதற்குத்தானே இத்தனை வருசம் ஏங்கினாள்!

அந்த மேகத்துக்குள் யாரோ பேசினார்கள். கனவுதான் என்று புரண்டு படுத்தாள். மறுபடி கேட்டது. கனவில்லை. பின்வீட்டுப் பேச்சு ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது.

"இப்படி வேர்த்துக் கொட்டுதே, விசிறவா?" அது மூத்தவரின் பெண்டாட்டி பவுனு.

"ஃபேன் ஓடலையா?"

"ஓடுது. தகரத்து அனலையில்ல அள்ளிக் கொட்டுது! இம்புட்டு நாளும் கொழுந்தன் வீட்டு வழியாத்தான் காத்து வந்துச்சு. இன்னைக்குப் பலகை வச்சு அடைச்சிருக்காக."

கயல் எழுந்து உட்கார்ந்தாள். போர்வை தரையில் விழுந்தது.

மூத்தவரின் குரல் வந்தது. நோவு தாங்குகிற குரல்.

"தோட்டத்துக்காகக் கோர்ட்டுல எதிரும் புதிருமா நின்னப்பக்கூட அவன் எம்மேல கோவமா இருக்கான்னு நான் நெனைக்கல பவுனு. படுத்துக் கெடக்குறவனுக்குக் காத்து மறிச்சிரக் கூடாதுன்னு, கட்டுற வீட்டையே ரெண்டாப் பொளந்து வழிவிட்ட பய அவன்... நாம என்ன தப்பு செஞ்சோமோ தெரியல, எந்தம்பிக்கு இன்னைக்குத்தான் எம்மேல நெசமாவே கோவம் வந்திருக்கு."